முழுப்பேர்

2013 ஜூலையில் மழை விடாமல் ஊற்றிய ஒரு சாயங்காலம், தேயிலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது லாரிப் பலகையிலிருந்து வழுக்கி விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டுப் போட்டு, ஏழு வாரம் காலை ஊன்றவே கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் மஞ்சு உள்ளே வந்துவிடும், சாத்தினால் அடுப்புப் புகை வெளியே போகாது. அப்படிக் கட்டிலில் கிடந்தபோதுதான், பதினைந்து வருஷமாக ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்துவந்த ஒரு பாடம் எனக்கே ஏறவில்லை என்பது தெரிந்தது. பாடம் சின்னதுதான்: கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள். அதாவது, நாம் செய்யும் நன்மைக்குக் கூலியாக இல்லை, தேவன் தயவாக இலவசமாய்த் தருவதுதான் இரட்சிப்பு.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். எங்கள் அம்மா சிலோன்காரி. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. 1974-இல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, அப்புறம் நீலகிரிக்கு வந்தாள். தாயகம் திரும்பியவர்களுக்காக அரசாங்கம் போட்ட டேன்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்து எங்களை வளர்த்தாள். முப்பத்தைந்து வருஷம் இந்த மலையில் இருந்தும் அவள் பேச்சில் சிலோன் தோட்டத்து வார்த்தைகள் போகவே இல்லை. கூலி எழுதுவதை ‘பேர் போடுறது’ என்பாள். சாயங்காலம் நிறுக்கும்போது குறித்த எடை வந்திருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். அட்டை கடித்துக் கால் முழுக்க ரத்தமாக இருந்தாலும், காய்ச்சலோடு நின்று பறித்திருந்தாலும் அரைப்பேர் அரைப்பேர்தான். ராத்திரிச் சோற்றின் அளவைப் பார்த்தே அன்றைக்கு என்ன பேர் விழுந்தது என்று நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்.

இப்படி வளர்ந்தவன் 1995-இல், 19 வயதில், ஒரு எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீர் விட்டு இயேசுவுக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். அந்த அழுகை உண்மையானது, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வாரமே கடைக்குப் போய் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். இடது பக்கம் பாவம், வலது பக்கம் நற்கிரியை. தேதி போட்டு எழுதுவேன். ‘கிழவிக்கு விறகு சுமந்தது.’ ‘பஸ்ஸில் இடம் கொடுத்தது.’ ‘உபவாசம், மதியம் வரை.’ 2009 நவம்பரில் மலையெங்கும் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோன அந்த மழையில், நாலு நாள் பள்ளிக்கூட முகாமில் கஞ்சி ஊற்றினேன். அதற்கு மட்டும் முக்கால் பக்கம். எழுதும்போது கை கொஞ்சம் அழகாகவே எழுதியிருந்தது, எழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. யாராவது கேட்டிருந்தால் கிருபையால்தான் இரட்சிப்பு என்று வசனத்தோடு சொல்லியிருப்பேன். நோட்டை யாரும் கேட்கவில்லை. மொத்தம் ஆறு நோட்டு, பீரோவின் அடித்தட்டில்.

என் வேலையும் கணக்குதான். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு ஃபேக்டரிக்காக, ரோட்டோர இலை ஷெட் ஒன்றில் எடை போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அரை ஏக்கர், கால் ஏக்கர்காரர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் சாக்கு எடை, ஈரம் என்று இரண்டு கிலோ கழிப்பது அங்கே வழக்கம். அது எல்லோருக்கும் தெரிந்த கழிவு. தெரியாத கழிவு ஒன்று இருந்தது. ஷெட்டில் எடை போட்ட இலை ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வாடி எடை குறையும். அங்கே எடைமேடையில் குறைந்தால் அந்தக் குறைவை என் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆகவே நான் மூட்டைக்கு இன்னொரு கிலோ சேர்த்துக் கழித்தேன். தராசு ஆடி நிற்பதற்கு முன்பே எழுதிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது. குறைவை ஈடுகட்டத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் மிச்சம் வர ஆரம்பித்தது. அந்த மிச்சத்தை இல்லாத ஒருவர் பேரில் எழுதி, மாதக் கடைசியில் நானும் லாரி ஓட்டுநரும் பிரித்துக்கொள்வோம். இப்படி ஆறு வருஷம். இது எதுவும் நோட்டில் இடது பக்கம் ஏறவே இல்லை என்பதுதான் ஆச்சரியம். இடது பக்கத்தில் கோபம், சினிமா, ஜெபத்தில் தூக்கம் என்றெல்லாம் இருந்தது. தராசு இல்லை. அதை ஷெட்டு விவகாரம் என்று தனியே வைத்துவிட்டேன்போல.

கால் முறிந்து கிடந்தபோது சபையிலிருந்து இரண்டு முறை வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். தவறாமல் வந்தது ஒருவர்தான். எங்கள் அம்மாவோடு ஒரே தோட்டத்திலிருந்து, ஒரே கப்பலில் வந்த பெரியம்மா. சொந்தப் பெரியம்மா அல்ல, தோட்டத்து உறவு. புருஷன் செத்து, மகன் எங்கோ போய், குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் தேயிலை பறித்து என் ஷெட்டில்தான் போடுவார். ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். கழுத்தில் செபமாலை, முந்தானையில் வெற்றிலை. வாரா வாரம் ஒரு தூக்குவாளியில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொண்டுவருவார். அம்மா செத்து நாலு வருஷமாகியிருந்தது. அந்தச் சம்பலின் காரத்தில் அம்மா கை இருந்தது. முதல் இரண்டு தடவை ருசித்துச் சாப்பிட்டேன். மூன்றாவது தடவை எனக்கு ஒரு பதற்றம் வந்துவிட்டது. திருப்பிச் செய்ய எழுந்து நிற்கக்கூட முடியாது. நோட்டில் வலது பக்கம் மூன்று வாரமாகக் காலி. வாங்கிக்கொண்டே கிடக்கிறேன்.

சரி, இவருக்கு நாம் இதுவரை என்னதான் செய்திருக்கிறோம் என்று பார்ப்போமே என்று, ஆறுதலுக்காகத்தான், நோட்டுகளை எடுத்துத் தரச்சொன்னேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போர்வை கொடுத்திருக்கிறேன். ஆறு போர்வை. அப்போதைய விலைக்கு ஒன்று 180 ரூபாய். 1,080 ரூபாய். பக்கத்திலேயே எடைச் சீட்டின் கார்பன் நகல் கட்டும் இருந்தது. கணக்கு எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்காது. பெரியம்மா வருஷத்துக்கு 24 தடவை இலை போடுவார், தடவைக்கு மூன்று மூட்டை. மூட்டைக்கு ஒரு கிலோ. வருஷத்துக்கு 72 கிலோ. ஆறு வருஷத்துக்கு 432 கிலோ. கிலோ 11 ரூபாய் என்று வைத்தாலும் 4,752 ரூபாய். அதாவது அந்த அம்மாளிடமிருந்து எடுத்த பணத்தில் கால்பங்குக்கும் குறைவாகச் செலவழித்து, அவருக்கே போர்வை வாங்கிக் கொடுத்து, அதை நற்கிரியை என்று பரலோகத்துக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஷெட்டில் இலை போட்டவர்கள் 37 பேர். எல்லோரையும் சேர்த்துப் போட்டால் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டியது. என் சம்பளம் அப்போது ஏழாயிரம். அந்த 37 பேரில் சிலர் செத்தேபோயிருந்தார்கள். சிலர் தேயிலைக்கு விலை இல்லை என்று நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் காரமடைக்கும் போய்விட்டார்கள். செத்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்பது எப்படி? அன்றைக்கு ராத்திரி எனக்குப் புரிந்தது வேதபாடமாகப் புரியவில்லை, கணக்காகப் புரிந்தது: இந்தப் பேரேட்டை நான் நேர்செய்யவே முடியாது. ஆயுசு முழுக்க வலது பக்கம் எழுதினாலும் இடது பக்கம் தீராது. தீரும் என்று நினைத்ததே, இடது பக்கத்தில் முக்கியமானதை எழுதாமல் விட்டதால்தான்.

ஆயர் வந்தபோது கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. லூக்கா 19-ஐ எடுத்து வாசிக்கச் சொன்னார். சகேயுவும் கணக்கு எழுதுகிற ஆள்தான், வரிக்காரன். ‘நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்’ என்ற இடம் வந்ததும், “அது நடக்காதுங்க ஐயா, நாலு மடங்குன்னா ஏழு லட்சம்” என்றேன். அவர் மேலே ஐந்தாம் வசனத்துக்குப் போகச் சொன்னார். மரத்தில் ஏறியிருந்த சகேயுவைப் பார்த்து இயேசு சொல்வது: ‘சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்.’ “பணத்தைத் திருப்பினதுக்கு அப்புறமா இயேசு வீட்டுக்கு வந்தார்?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எத்தனையோ தடவை ஃபிளானல் துணிப் பலகையில் படம் ஒட்டி, மரம், குள்ள மனுஷன் என்று பிள்ளைகளுக்குச் சொன்ன கதை. எது முதலில், எது பின்னால் என்று ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. இயேசு மரத்தடியில் வந்து நின்றபோது சகேயு ஒரு பைசாகூடத் திருப்பியிருக்கவில்லை.

நாலு மடங்கு அவனாகச் சொன்னது என்றும், தானே வந்து ஒப்புக்கொள்கிறவனுக்கு மோசேயின் சட்டம் கேட்பது முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான் என்றும் ஆயர் எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டினார். அதைத் தவணையில் கொடுக்கலாமா என்று கேட்டேன். “கொடுத்து முடிச்சாத்தான் உனக்கு மன்னிப்புன்னா தவணை ஆபத்து. மன்னிப்பு கிடைச்சாச்சுன்னா தவணையில என்ன இருக்கு?” என்றார். இத்தனை வருஷத்தில் நான் கேட்ட பிரசங்கங்களில் இதுதான் சின்னது.

ஆயரிடம் சொன்னேன், வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. இது தப்பு. யாராவது இப்படி ஒரு காரியத்தில் இறங்கப் போனால் முதலில் வீட்டில் சொல்லுங்கள். பால்மாட்டை விற்கலாமா என்று நான் பேச்செடுத்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: “இதையும் அந்த நோட்டுல வலது பக்கம் எழுதப் போறீங்களா?” எனக்குப் பதில் வரவில்லை. அவள் கேட்டது சரி. திருடியதைத் திருப்பிக் கொடுப்பதையும் புண்ணியமாக எழுதிக்கொள்ளும் ஆள்தான் நான். அன்று சாயங்காலம் ஆறு நோட்டையும் வெந்நீர் அடுப்பில் வைத்தோம். அட்டை மட்டும் நனைந்திருந்ததால் புகைந்துகொண்டே இருந்தது, எரியவில்லை. மாட்டை விற்க அவள் விடவில்லை. மாதம் இரண்டாயிரம், அதற்கு மேல் போகக்கூடாது, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் கைவைக்கக்கூடாது என்று அவளே கறாராகச் சொன்னாள். வரிசையும் அவள் போட்டதுதான். ஆம்பளை இல்லாத வீடு முதலில், வயசாகித் தனியாக இருக்கிறவர்கள் அடுத்து, இரண்டு மூன்று ஏக்கர்காரர்கள் கடைசியில். நானாக இருந்தால் சபைக் கமிட்டியில் செல்வாக்கு உள்ளவரிடம்தான் முதலில் போயிருப்பேன்.

லாரி ஓட்டுநரிடமும் பேசிப்பார்த்தேன். அவரும் இரட்சிக்கப்பட்டவர், வேறு சபை. “இயேசுவோட ரத்தம் எல்லாத்தையும் கழுவிருச்சுண்ணே. கழுவுன துணிய எதுக்கு மறுபடி அழுக்குத் தண்ணில முக்குறீங்க?” என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இதே வாதத்தை எதிர்பார்த்துத்தானோ என்னவோ, பவுலே ரோமர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் கேட்டுவிட்டுப் பதிலும் சொல்லிவிட்டார்: ‘கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே.’ எனக்குத் தோன்றியது இன்னும் சின்ன விஷயம். கிருபை என் கடனைக் கழுவியிருக்கலாம், பெரியம்மாவின் 432 கிலோ இலையைக் கழுவ அதற்கு என்ன அவசியம்? அந்தப் பணம் இன்னும் என் வீட்டுக் கூரைத் தகரமாக இருக்கிறது. ஓட்டுநர் தன் பங்கைத் தரவில்லை. அவர் பங்கையும் சேர்த்தே நான் கணக்குப் போட்டேன், எழுதியது என் கை என்பதால்.

ஊன்றுகோலோடு முதன்முதலில் போனது பெரியம்மா வீட்டுக்கு. 4,752-ம் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து 5,702 ரூபாய், ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு. அந்த முதல் தொகை மட்டும் கையிருப்பிலிருந்து. அவர் வாசலில் உட்கார்ந்து விறகுச் சிராய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் பணத்தை வாங்கி, விரலை எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். “வட்டியும் போட்டிருக்கியா மகன்?” என்றார். அப்புறம், “தெரியும்” என்றார்.

எனக்கு முதுகு சில்லிட்டது.

“தராசு ஆடி நிக்கிறதுக்குள்ள நீ எழுதிருவ. ஆடுற தராசு யாருக்கு ஆடுதுன்னு தோட்டத்துல பொறந்தவளுக்குத் தெரியாதா?”

தெரிந்துமா ரொட்டி கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு சொன்னது இது. சிலோனில், நுவரெலியாப் பக்கம், மூத்தவனைச் சுமந்துகொண்டிருந்த சமயம். ஏழு மாதம். மலை ஏறிப் பறிக்க முடியவில்லை, கூடை பாதிகூட நிறையவில்லை. அரைப்பேர்தான் விழும். நிறுவைக்கு வரிசையில் நின்றபோது எங்கள் அம்மா பின்னாலிருந்து வந்து, தன் கூடையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி இவர் கூடையில் போட்டிருக்கிறாள். கங்காணி பார்க்கவில்லை. பெரியம்மாவுக்கு அன்றைக்கு முழுப்பேர். அம்மாவுக்கு அரைப்பேர். “ஏன்டின்னு கேட்டேன். பேசாம நில்லுன்னா. அதுக்கப்புறம் அவ அதப்பத்திப் பேசுனதே இல்ல. உனக்குச் சொன்னாளா?”

சொன்னதில்லை.

இதை வைத்து ஒரு நல்ல பிரசங்கம் பண்ணலாம் என்று எனக்கே தெரியும். ஒருவர் அரைப்பேர் வாங்கி இன்னொருவருக்கு முழுப்பேர் கொடுத்த கதை, சிலுவைக்குப் பக்கத்தில் தானாகப் போய் நிற்கும். பண்ணவில்லை. அம்மா சொல்லாமல் வைத்திருந்ததை மேடையில் சொல்ல மனசு வரவில்லை. கன்வென்ஷனில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோதும் போகவில்லை. அப்படியானால் இப்போது எழுதிக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால், பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், ஊர்ப் பேர் போடவில்லை என்பதுதான் சமாதானம். அரைகுறைச் சமாதானம்தான்.

வகுப்பில் ஒன்றை மாற்றினேன். எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் எட்டும் ஒன்பதும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம்: ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல.’ இங்கே நிறுத்திப் பரிசு கொடுத்துவிடுவோம். பத்தாம் வசனம் ‘ஏனெனில்’ என்று ஆரம்பிக்கிறது, நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று போகிறது. ‘ஏனெனில்’ என்று தொடங்குவதை வெட்டிவிட்டுப் பாடம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை பாதியைத்தான் கற்றுக்கொள்ளும். இப்போது மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் பென்சில். யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தையும் அதே மாதத்தில் நடத்துகிறேன். வஸ்திரமில்லாதவனைப் பார்த்து, குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று அவர் கேட்பதை, ஜனவரி உறைபனி பார்த்த எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மாற்றவேண்டியிருந்தது. ஆர்.சி.காரர்கள் கிரியையால் இரட்சிப்பு என்று நம்புகிறவர்கள், நாம் கிருபையால் என்று நம்புகிறவர்கள் என்று வருஷக்கணக்காகப் பலகையில் இரண்டு பத்தி போட்டு எழுதியிருக்கிறேன். பெரியம்மா விவகாரத்துக்குப் பிறகு அந்தச் சாக்பீஸ் எனக்குக் கனத்தது. தேடி வாசித்தேன். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்கு எதிராகக் கத்தோலிக்க சபை கூட்டிய ட்ரெண்ட் சங்கமே 1547-இல், தேவ கிருபை இல்லாமல் தன் சொந்தக் கிரியையால் மனுஷன் நீதிமானாகலாம் என்று சொல்கிறவனைச் சபித்துத்தான் எழுதியிருக்கிறது. இந்தப் பக்கம் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர், கிரியையை வற்புறுத்தும் யாக்கோபின் நிருபத்தை 1522-இல் வைக்கோல் நிருபம் என்று எழுதியவர், அதே வருஷம் ரோமர் முன்னுரையில் விசுவாசம் சும்மா இருக்காது, கேட்பதற்கு முன்பே நன்மை செய்துகொண்டிருக்கும் என்ற அர்த்தத்திலும் எழுதியிருக்கிறார். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்க சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் இதைப்பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்தே போட்டுவிட்டன, 2006-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். வித்தியாசமே இல்லை என்று சொல்லமாட்டேன். நன்மை செய்வதற்குப் பலன் உண்டா, நீதிமானாக்கப்பட்டவனிடம் பாவம் எந்த அளவில் தங்குகிறது என்பதில் இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரிதான் பேசுகிறார்கள். ஆனால் பலகையில் நான் போட்ட அந்த இரண்டு பத்தி பொய்ச்சாட்சி. நாம் கிருபை என்பதை அவர்கள் அருள் என்கிறார்கள், நாம் இரட்சிப்பு என்பதை மீட்பு என்கிறார்கள். வார்த்தை வேறாக இருப்பதைப் பார்த்து ஆளே வேறு என்று முடிவுகட்டுவது எங்களைப் போன்ற உபாத்தியாயர்களுக்குச் சுலபமாக வருகிறது.

திருப்பிக் கொடுக்கப் போன இடங்களில் அடிபட்டுக் கற்றுக்கொண்டது சில உண்டு. துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. ஒருமுறை சபை மூப்பர் ஒருவரைக் கூட்டிப் போனேன், அந்த வீட்டுக்காரர் மனசார மன்னித்தாரா அல்லது மூப்பர் முகத்துக்காகத் தலையாட்டினாரா என்று கடைசிவரை தெரியவில்லை. கணக்கை எழுதிக்கொண்டு போகவேண்டும். ‘ஏதோ தெரியாமல் குறைந்திருக்கலாம்’ என்று இழுக்கக்கூடாது, எத்தனை கிலோ, எந்த வருஷம் என்று சொல்லவேண்டும். வேதபுத்தகத்தைக் கையில் எடுத்துப் போகவே கூடாது. பணத்தைக் கொடுத்த கையோடு மன்னிப்பைக் கேட்டு வாங்க நின்றால் அதுவும் ஒரு வியாபாரம்தான். கொடுத்துவிட்டு, திட்டினால் கேட்டுக்கொண்டு, டீ கொடுத்தால் குடித்துவிட்டு வந்துவிடவேண்டும். செத்தவர் பங்கு வாரிசுக்கு. வாரிசும் தெரியாவிட்டால் அந்தப் பணத்தைச் சபைக் காணிக்கையில் போட்டுப் பேர் வாங்கக்கூடாது என்பது வீட்டுக்காரியின் சட்டம். நாலு பேர் பங்கை அப்படி, மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்குக்கூடக் காசில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தீர்த்தோம்.

ஷெட்டில் செய்தது இன்னும் எளிது, இன்னும் செலவு. தராசைத் திருப்பி, முள் விவசாயி பக்கம் பார்க்கும்படி மாட்டினேன். நின்றபிறகு எடையைச் சத்தமாக அவரையே வாசிக்கச் சொன்னேன். அந்த மாதமே ஃபேக்டரி எடையில் குறைவு வந்தது, சம்பளத்தில் 640 ரூபாய் பிடித்தார்கள். அடுத்த மாதம் 700. ஒன்றரை வருஷம் தாங்கினேன், பிறகு அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஒரு மளிகைக் கடையில் கணக்கு. நேர்மையாக இருந்தால் கர்த்தர் இரட்டிப்பாய்க் கொடுப்பார் என்று சாட்சி சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இரட்டிப்பாக வரவில்லை. தூக்கம் வந்தது.

கிறிஸ்துமஸ் போர்வையை நிறுத்தவில்லை. போட்டோ எடுப்பதை நிறுத்தச் சொல்லிக் கமிட்டியில் மூன்று வருஷம் சண்டை போட்டேன். அறிக்கையில் எண்ணிக்கை வேண்டும் என்றார்கள். 1846-இல் இந்த மலையில் கேத்திக்கு வந்த பாசல் மிஷன்காரர்கள் இங்கத்துப் படகர்களில் முதல் ஞானஸ்நானத்துக்கு 1858 வரை காத்திருந்தார்களே, அந்தப் பன்னிரண்டு வருஷமும் அறிக்கையில் முட்டை போட்டுத்தானே அனுப்பியிருப்பார்கள் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் இப்போது இருட்டினபிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் மட்டும் போய்க் கொடுத்துவிட்டு வருகிறோம். வாங்குகிறவர்கள் வீட்டில் ஏதாவது கொடுத்தால் மறுக்காமல் வாங்கிச் சாப்பிடவேண்டும் என்று வாலிபர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வாலிபர்களுக்கோ, கொடுப்பதைவிட இது கஷ்டமாக இருக்கிறது. ஒரு பையன் அவித்த உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்ததைப் பார்த்தபோது, மாவுக்கட்டோடு ரொட்டியை வெறித்துக்கொண்டிருந்த என்னையே பார்த்தமாதிரி இருந்தது.

அடுப்பில் போட்ட நோட்டு மண்டைக்குள் இல்லாமல் போகவில்லை. அது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழி உண்டு. நாம் உதவி செய்த ஒருவர் நம்மைக் கண்டும் காணாததுபோல் போகும்போது உள்ளே சுருக்கென்று ஒன்று தைக்குமே, அதுதான் வலது பக்கம். தைத்ததும், “ஓ, இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாயா” என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போன வாரம்கூடச் சொன்னேன்.

2022 கடைசியில் தவணை முடிந்தது. 37 பேரில் 24 பேருக்கு நேரில் கொடுத்தேன். எட்டுப் பேருக்கு வாரிசுகளிடம். நாலு பேர் பங்கு முன்பே சொன்னபடி. மிச்சம் ஒருவர். காரமடையில் மகள் வீட்டில் இருக்கிறார். இரண்டு தடவை போனேன். முதல் தடவை கவரை வாங்கி வாசலில் எறிந்தார். நான் கிலோ கழித்துக்கொண்டிருந்த ஒரு வருஷம்தான் அவர் மகன் படிப்பை நிறுத்தினாராம், இலைப் பணம் போதாமல். இரண்டாம் தடவை கதவையே திறக்கவில்லை. திறக்கவேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை. கவர் பீரோவில் நோட்டு இருந்த அதே அடித்தட்டில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மறுபடி போகவேண்டும், முதல் பஸ்ஸில் போனால் அவர் வாசலில் வெயில் காய்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.